பழைய சைக்கிளில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கயிற்றுப் பம்பு: கியர், வில்லை, பின்தடை

நாங்குநேரித்தோட்டம்

வணக்கம். மின் இணைப்பு இல்லாத தோட்டக் கிணறு ஒன்றுக்கு மிதித்து இறைக்கும் அமைப்பு வேண்டும். கோடையில் தண்ணீர் தரையிலிருந்து 24 அடியில் நிற்கும். கார்த்திகை மழைக்குப் பிறகு 12 அடிக்கு ஏறிவிடும். 30 தென்னங்கன்று, 2 சென்ட் காய்கறி, இவ்வளவுதான் பாசனம். கையில் இருப்பது 28 அங்குலச் சக்கரம் போட்ட பழைய ரோட்ஸ்டர் சைக்கிள் ஒன்று (செயின்வீல் 44 பல், ஃப்ரீவீல் 18 பல்), ஓடாத லேடீஸ் சைக்கிள் ஒன்று, அரை ஹெச்.பி. மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒரே அச்சில் சேர்ந்தது) ஒன்று.

சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் டயரை ஒரு சிறிய உருளையில் அழுத்த வைத்து, உருளையை பம்பின் ஷாஃப்டோடு சேர்த்துவிடலாம் என்று திட்டம். உருளைக்கு என்ன விட்டம் வைக்கலாம்?

கமலைக்கிணறு

அண்ணாச்சி, உருளை செய்வதை நிறுத்திவையுங்கள். கணக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆள் ஒருவர் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 75 வாட் கொடுப்பார். அரை ஹெச்.பி. என்றால் 373 வாட். அந்தப் பம்பு நிமிடத்துக்கு 2880 சுற்றுக்கு வடிவமைத்தது, உங்கள் கால் 60 சுற்று. 48 மடங்கு வேகம் ஏற்ற வேண்டும். 44-க்கு 18 பல் 2.44 மடங்கு தரும். மிச்சம் 20 மடங்கை உருளை தர வேண்டும் என்றால் 71 செ.மீ. டயருக்குக் கீழே மூன்றரை செ.மீ. உருளை வைக்க வேண்டும். ஈரம் பட்ட டயர் அதில் வழுக்கும். வழுக்காமல் அழுத்தினால் ரப்பர் நசுங்குவதிலேயே பாதி உழைப்பு போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மையவிலக்குப் பம்பில் தண்ணீர் ஏறும் உயரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் போகும். பாதி வேகத்தில் ஓட்டினால் பாதி உயரம் வராது, கால்பங்குதான் வரும். 16 மீட்டர் தள்ளும் பம்பு 1440 சுற்றில் 4 மீட்டர் தள்ளும். உங்களுக்கு மேடை உயரமும் சேர்த்து 8 மீட்டர் வேண்டும். வியர்வை கொட்ட மிதித்தாலும் குழாய் வாயில் சொட்டுக்கூட வராது. உறிஞ்சும் எல்லையும் இருக்கிறது. கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினாலே இழுக்காது.

உங்களுக்கு ஏற்றது கயிற்றுப் பம்பு. முடிவில்லாத வளையமாக ஒரு கயிறு, அதில் மீட்டருக்கு ஒரு வில்லை. கயிறு குழாய்க்குள் அடியிலிருந்து மேலே ஏறும்போது வில்லைகள் தண்ணீரைத் தூக்கிவரும். சீனாவில் பழங்காலத்துச் சங்கிலிப் பம்பு இதே தத்துவம்தான். 1980-களில் நிகராகுவாவில் பிளாஸ்டிக் குழாயும் நைலான் கயிறும் வைத்துக் கிராமக் கிணறுகளுக்குப் பரவலாகச் செய்தார்கள். வால்வு இல்லை, உறிஞ்சுதல் இல்லை, வேகமும் தேவையில்லை. மாடு கட்டி இறைத்த நம் ஊர்க் கமலை செய்த வேலையையே இது செய்கிறது. கூனை (கமலையின் சால்) ஏறி இறங்க ஆகும் நேரம் இதில் வீணாகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெல்டர்_வள்ளியூர்

சைக்கிளில் டைனமோவோ கார் ஆல்டர்னேட்டரோ மாட்டி பேட்டரி ஏற்றி, 12 வோல்ட் பம்பு ஓட்டலாமே? பேட்டரியில் சேர்த்துவைத்தால் எப்போது வேண்டுமானாலும் இறைக்கலாம்.

கமலைக்கிணறு

சேர்த்துவைக்கலாம், ஆனால் சேர்வது எவ்வளவு என்று பாருங்கள். செயின் 0.95, பெல்ட் 0.95, ஆல்டர்னேட்டர் 0.55, பேட்டரியில் போட்டு எடுப்பது 0.8, சின்னப் பம்பு 0.4. எல்லாவற்றையும் பெருக்கினால் 0.16. அதாவது 75 வாட் மிதித்தால் தண்ணீருக்குப் போவது 12 வாட். கயிற்றுப் பம்பில் நன்றாகச் செய்தால் 0.6, அதாவது 45 வாட். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். தவிர, தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்தால் அதுவே சேமிப்புதானே.

45 வாட்டில் 8 மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 0.57 லிட்டர், நிமிடத்துக்கு 34 லிட்டர் வரும். கன்றுக்கு 10 லிட்டர் என்றால் 300 லிட்டர். 2 சென்ட் என்பது 80 சதுர மீட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆழம் நனைய 400 லிட்டர். ஆக 700 லிட்டர், 21 நிமிட மிதி. இரண்டு பேர் மாறி மாறி மிதித்தால் களைப்பே தெரியாது. ஆனால் இதை ஏக்கர் கணக்கில் நினைக்க வேண்டாம். ஒரு ஏக்கருக்கு அதே 5 மி.மீ. என்றால் 20,000 லிட்டருக்கு மேல், 10 மணி நேரம் ஆகும்.

நாங்குநேரித்தோட்டம்

புரிந்தது. அப்படியானால் டயரைக் கழற்றிவிட்டுப் பின் ரிம்மிலேயே கயிற்றை ஓட்டலாமா? பள்ளம் இருக்கிறதே.

லேத்து_பேட்டை

முடியாது. இதைச் செய்யும் எல்லோரும் விழுகிற குழி இதுதான். ரிம்மின் சுற்றளவு 2 மீட்டர். கால் 60 சுற்று போனால் சக்கரம் 147 சுற்று போகும். கயிறு நொடிக்கு 4.9 மீட்டர் ஓடும். தேவையான வேகம் 1 மீட்டர். ஐந்து மடங்கு வேகம் என்றால் ஐந்து மடங்கு வாட் கேட்கும். மிதிக்கவே வராது. யாராவது எழுந்து நின்று மிதித்தாலும் மேலே வரும் தண்ணீர் கப்பியோடு சுழன்று ஆள் முகத்தில் அடிக்கும், வாய்க்காலுக்குப் போகாது.

சைக்கிள் வேகத்தைக் கூட்டுவதற்குச் செய்த கியர். நமக்கு அந்தக் கூட்டல் வேண்டாம். 1-க்கு 1 போதும். 32, 33 செ.மீ. விட்டமுள்ள கப்பி ஒன்றைக் காலின் வேகத்திலேயே சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் கயிறு ஓடும். 60 சுற்றுக்கு நொடிக்கு ஒரு மீட்டர். கணக்கு கச்சிதமாக நிற்கும்.

செய்முறை இப்படி: லேடீஸ் சைக்கிளின் ஃப்ரேமை மிதிக்கும் பக்கமாக வையுங்கள். குறுக்குக் கம்பி இல்லாததால் சேலை கட்டியவர்களும் ஏறி உட்காரலாம். அதன் செயின்வீலும் 44 பல்தானா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரோட்ஸ்டரின் 44 பல் செயின்வீலைக் கப்பி ஷாஃப்டில் ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பல் என்றால் 1-க்கு 1. ஷாஃப்ட் 20 மி.மீ. பிரைட் பார், இரண்டு முனையிலும் யு.சி.பி. 204 பிளம்மர் பிளாக் (கூட்டோடு வரும் பேரிங்). செயின்வீலோடு ஒட்டியிருக்கும் கிராங்கை 6 செ.மீ. விட்டு அறுத்துவிட்டு, அதன் கண்ணை 16-லிருந்து 20 மி.மீ.-க்குக் குடைந்து ஷாஃப்டில் ஏற்றி வெல்டு வைக்கலாம். வெல்டு வைக்கும் முன் சுற்றிப் பார்த்து, பல்லின் பக்கத்தில் சாக்பீஸ் பிடித்து ஆட்டம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் கோணல். 2 மி.மீ.-க்கு மேல் கோணல் இருந்தால் செயின் கழன்றுகொண்டே இருக்கும்.

பிளம்மர் பிளாக் உட்காரும் ஆங்கிளில் (40-க்கு 40, கனம் 5 மி.மீ.) துளை வட்டமாகப் போடாமல் 25 மி.மீ. நீளப் பள்ளமாகப் போடுங்கள். செயின் தொய்வை அங்கேதான் சரி செய்ய வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. இறங்கினால் போதும்.

வெல்டர்_வள்ளியூர்

ஃப்ரீவீலை எடுத்துவிட்டுச் செயின்வீலையே ஷாஃப்டில் வைத்தால், மிதியை நிறுத்தும்போது தண்ணீர் பாரம் கயிற்றைப் பின்னால் இழுக்காதா? ஃப்ரீவீல் இருந்தால் அது தடுக்குமே.

லேத்து_பேட்டை

பின்னால் இழுக்கும், அது சரி. ஃப்ரீவீல் தடுக்கும் என்பது சரியில்லை. சைக்கிளைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பெடல் தானாகப் பின்னால் சுற்றும். சக்கரம் முன்னால் ஓடும்போது மட்டும்தான் ஃப்ரீவீல் விடும். சக்கரம் பின்னால் போனால் உள்ளே இருக்கும் நாய்ப்பல் (ஸ்பிரிங் வைத்த கவ்வி) கவ்விச் செயினையும் இழுத்துக்கொண்டு போகும். கிணற்றில் ஐந்து கிலோ தண்ணீர் தொங்கும்போது காலை எடுத்தால் பெடல் திரும்பி வந்து முழங்கால் எலும்பில் அடிக்கும்.

ஆனால் அதே ஃப்ரீவீலை வேறு மாதிரி வைத்தால் தடுக்கும். உள்வளையம் ஷாஃப்டோடு சுற்ற வேண்டும், வெளிப்பல் சட்டத்தோடு அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஷாஃப்ட் முன்னால் போகும்போது கிட்கிட் என்று விடும், பின்னால் போக முயன்றால் கவ்வி நிறுத்தும். உங்கள் ரோட்ஸ்டரில் சும்மா கிடக்கும் 18 பல் ஃப்ரீவீலுக்கு இதுதான் வேலை. மாட்டும் திசை சைக்கிளில் இருந்த அதே திசை. பிடிக்கும்போது மரை இறுகும், கழலாது.

ஷாஃப்டில் மாட்ட ஒரு புஷ் கடைய வேண்டும். 45 மி.மீ. ரவுண்டு, உள்ளே 20 மி.மீ. துளை, வெளியே 34.8 மி.மீ. விட்டத்தில் இஞ்சுக்கு 24 மரை, 12 மி.மீ. நீளம், பின்னால் தோள். பி.பி. (பெடல் அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட்) கப்பின் லாக் ரிங்கும் இதே மரைதான். அதனால் லேத்தின் சக்கிலிருந்து எடுக்கும் முன் லாக் ரிங்கை ஏற்றிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

வெளிப்பல்லைக் கட்ட வெல்டு வைக்கக் கூடாது. சூடு போனால் நாய்ப்பல்லின் மெல்லிய ஸ்பிரிங் விறைப்பு இழந்து, ஒரு நாள் கவ்வாமல் போகும். 12 கண்ணி செயின் துண்டைப் பல்மேல் போட்டு, இரண்டு முனையையும் ஆங்கிளில் போல்ட் போட்டு இறுக்குங்கள். உள்ளே கிரீஸ் அடைக்கவும் வேண்டாம், நாய்ப்பல் ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும்.

பாளை_பயிற்சிக்கூடம்

உடற்பயிற்சி சைக்கிள் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. காற்றாடி வைத்த பயிற்சி சைக்கிளில் வேகம் கூடினால் பாரமும் ஏறும். கயிற்றுப் பம்பில் பாரம் மாறாது. குழாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதுதான் பாரம், மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் அதே எடை. அதனால் முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக அழுத்தி மிதிப்பதைவிட, ஒடுங்கிய குழாய் போட்டு 60-லிருந்து 70 சுற்று மிதிப்பது நல்லது. சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதம் வருவதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். பழைய சைக்கிளில் பெரும்பாலும் சீட் இரண்டு, மூன்று அங்குலம் தாழ்வாகவே இருக்கும்.

75 வாட்டில் 20 நிமிடம் என்பது சுமார் 90 கிலோ கலோரி. நடைப்பயிற்சிக்குப் பதிலாகத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கமலைக்கிணறு

இவர் சொன்ன "குழாயில் நிற்கும் தண்ணீர்தான் பாரம்" என்பதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், குழாய் தேர்வு அதிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து வெளியேறும் வாய்வரை குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் 5 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 33 செ.மீ. கப்பி, 1-க்கு 1 கியர், 60 சுற்று என்றால் ஒரு ஆளின் 75 வாட்டுக்கு அது பொருந்தும்.

உள்விட்டம் 28 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 616 கிராம், 8 மீட்டருக்கு 4.9 கிலோ. உங்களுக்கு இதுதான். 15 மீட்டர் கிணறு என்றால் உள்விட்டம் 21, 60 அடி தாண்டினால் 17. வாய்க்கால் கரையில் 5 மீட்டருக்கு 36 கூடப் போடலாம், நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் வரும். கடையில் 25, 32 என்று சொல்வது வெளிவிட்டம். அழுத்த வகுப்பு மாறினால் கனம் மாறும், கனம் மாறினால் உள்விட்டம் மாறும். வெர்னியரோடு கடைக்குப் போய் உள்ளே அளந்து வாங்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே கட்டிலிருந்து, ஒரே வகுப்பில் இருக்கட்டும். மேல் துண்டு 28, கீழ்த் துண்டு 27 என்று வந்தால் வில்லை ஒன்றில் சிக்கும், அல்லது மற்றொன்றில் ஒழுகும்.

நாங்குநேரித்தோட்டம்

வில்லைக்கு லாரி டயர் ரப்பரை வட்டமாக வெட்டலாமா? எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

வெல்டர்_வள்ளியூர்

டயர் ரப்பர் தாராளமாக ஆகும். பன்ச் அடித்து எடுக்க ஒரு இரும்புக் குழாயின் வாயைத் தீட்டினால் போதும். ஒரு டயரில் நூறு வில்லை வரும்.

லேத்து_பேட்டை

ரப்பர் வெட்டும்போது அடியில் விரிந்து, மேலே ஒடுங்கி, கூம்பாக வரும். நூல் கம்பி உள்ள இடமாக இருந்தால் ஓரம் பிசிறும். அதைவிட முக்கியம், ரப்பர் குழாய்ச் சுவரில் உரசினால் பிடிக்கும், எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிதீன் பிளாஸ்டிக்) வழுக்கிப் போகும். எச்.டி.பி.இ. ரவுண்டு கம்பி வாங்கி லேத்தில் 27.5 மி.மீ.-க்கு இழைத்து, நடுவில் கயிற்றுக்குத் துளை போட்டு, 8 மி.மீ. கனமாக அறுத்தெடுங்கள். மேல் ஓரம் கொஞ்சம் சாய்வு. 20 வில்லைக்கு ஒரு மணி நேர வேலை. டயர்தான் வேண்டும் என்றால் கம்பி இல்லாத பக்கச் சுவர் ரப்பரில் மட்டும் வெட்டுங்கள்.

கமலைக்கிணறு

இடைவெளியைக் கணக்கோடு சொல்கிறேன், இந்தப் பம்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மீட்டருக்கு ஒரு வில்லை என்றால், கிணறு எவ்வளவு ஆழமானாலும் ஒவ்வொரு வில்லையும் தாங்குவது தன் தலைமேல் இருக்கும் ஒரு மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும். 27.5 வில்லை 28 குழாயில் ஓடினால் சுற்றிலும் கால் மி.மீ. சந்து. அதன் வழியாகத் திரும்பி ஒழுகுவது நொடிக்கு 60 மி.லி. அளவு, மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒன்று. இதையே 26 மி.மீ. வில்லையாகப் போட்டால் சந்து 1 மி.மீ., ஒழுகுவது 230 மி.லி.-க்கு மேல், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அப்போது கயிறு நொடிக்கு 38 செ.மீ. ஓடினாலும் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். நிமிடத்துக்கு 23 சுற்றுக்குக் கீழே மிதித்தால் ஒரு சொட்டும் வராது.

சந்தே இல்லாமல் இறுக்கமாகவும் வைக்கக் கூடாது. 10 வில்லை சேர்ந்து உரசினால் அந்த உரசல் தண்ணீர் பாரத்தைத் தாண்டிவிடும். ஒரு மீட்டர் குழாய்த் துண்டை நட்டுக்குத்தாகப் பிடித்து, வில்லையை மேலிருந்து விட்டால் தங்காமல் சரசரவென்று விழ வேண்டும். குழாயைச் சாய்த்தால் மட்டும் தயங்கலாம்.

திசையன்விளைக்காரன்

கயிறு பற்றி யாரும் சொல்லவில்லையே. தென்னங்கயிறும் தும்புக் கயிறும் கூடாது, ஊறி அழுகிவிடும். நைலான் தண்ணீரைக் குடித்து நீளும். பாலிப்ரொப்பிலீன் நீளாது, ஆனால் வெயிலில் பொடிபொடியாக நார் உதிரும். மீன்பிடிக் கயிறு விற்கும் கடையில் பின்னல் போட்ட எச்.டி.பி.இ. 6 மி.மீ. கேளுங்கள். முறுக்குக் கயிறு வேண்டாம், பாரம் ஏறும்போது முறுக்கு அவிழ்ந்து வில்லையோடு சுழலும்.

வில்லைக்குக் கீழே ஒரு முடிச்சு, மேலே ஒரு முடிச்சு. பாரம் தாங்குவது கீழ் முடிச்சு. அதைப் பல்லைக் கடித்து இறுக்கி, சூடு காட்டாமல் விடுங்கள். முடிச்சையே உருக்கினால் அந்த இடம் கண்ணாடிபோல ஆகி ஒரு வாரத்தில் உடையும். கயிற்றை வளையமாகச் சேர்க்கும் இடத்தில், இரண்டு முனையையும் எதிரெதிராக வைத்து ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். இழுத்தால் ஒன்றையொன்று அழுத்தும், மெலிதாகவும் இருக்கும், குழாயில் தடுக்காது. புதுக் கயிறு முதல் வாரம் நீளும், அவிழ்த்துக் கட்ட வேண்டி வரும் என்பதால் முனையில் அரை மீட்டர் மிச்சம் விடுங்கள்.

லேத்து_பேட்டை

கப்பிக்கு 12 அங்குலக் கார் டயர் ஒன்று போதும். மணிக்கம்பி இருக்கும் உள் வளையத்திலிருந்து 6 செ.மீ. விட்டு இரண்டு பக்கச் சுவரையும் அறுத்தெடுங்கள். இரண்டு மணிக்கம்பி வளையமும் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி, வெட்டிய ஓரங்கள் வெளியே விரியும்படி சேர்த்தால் "வி" பள்ளம் வரும். ஆறு இடத்தில் தகட்டுப் பட்டை போட்டு ஷாஃப்டின் ஆரங்களில் முடுக்குங்கள். கயிறு பள்ளத்தின் அடியில் உட்காரும்போது விட்டம் 33 செ.மீ. அளவு வரும்.

"வி" பள்ளம் ஏன் என்றால், தட்டையான இரும்பு விளிம்பில் ஏறுபக்க 5 கிலோவைப் பிடிக்க, இறங்குபக்கக் கயிற்றை 3 கிலோ விறைப்பில் வைக்க வேண்டும். பள்ளத்தில் கயிறு ஆப்புபோல இறங்கிப் பிடிப்பதால் ஒரு கிலோ விறைப்பே தாராளம். விறைப்பு குறைந்தால் அடியில் உரசல் குறையும், வில்லை நாள்படும்.

கமலைக்கிணறு

அடிப்பக்கம். கயிறு இறங்கி வந்து திரும்பி ஏற்றக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு வழிகாட்டி வேண்டும். மின் கம்பத்தில் வயர் கட்டும் பீங்கான் கப் எலக்ட்ரிக்கல் கடையில் புதிதாகக் கிடைக்கும். இடுப்பு ஒடுங்கிய பம்பரம்போல, மேலே கண்ணாடிப் பூச்சோடு, இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அதைச் சுழல விட வேண்டாம். கயிறு அதன்மேல் வழுக்கிப் போகட்டும். 20-க்கு 15-க்கு 12 செ.மீ. பெட்டியில் 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போட்டு, பீங்கானையும் கயிறு இறங்கும், ஏறும் இரண்டு குழாய் வாயையும் அதில் பதித்துவிட்டால் 8, 9 கிலோ வரும். அந்த எடையே குழாயை நேராக நிறுத்தும். கிணற்றுத் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே தொங்கட்டும். சேற்றில் உட்கார்ந்தால் வில்லைகள் மணலை அள்ளும். ஏற்றக் குழாயின் வாய் கோடை மட்டத்துக்கு இரண்டடி கீழே முங்கியிருக்க வேண்டும்.

குழாய் வாயை விரிக்காமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கெடும். அறுத்த பி.வி.சி. ஓரம் கத்திபோல ஒவ்வொரு வில்லையையும் சீவும். வாய்ப்பக்கம் இரண்டு அங்குலத்தைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து, இளகியதும் கண்ணாடி பாட்டிலின் தோள்மேல் அழுத்திப் பிடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊமத்தம்பூபோல விரிந்து நிற்கும். நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம். கருகும்போது வரும் புகை தொண்டையையும் கண்ணையும் அரிக்கும்.

மேல்பக்கம் ஏற்றக் குழாய் ஒரு 63 மி.மீ. குழாய்க்குள் முடியட்டும், அதற்குச் சற்று மேலே டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டுப் பக்கவாட்டில் வாய்க்காலுக்கு விடுங்கள். அந்த அகலக் குழாய் டீக்கு மேலும் ஓர் அடி நீள வேண்டும். டீயின் வாய் ஏற்றக் குழாயைவிட அகலமாக இல்லையென்றால் தண்ணீர் கப்பிவரை ஏறிச் சிதறும்.

நாங்குநேரித்தோட்டம்

சட்டத்தைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் நிறுத்தலாமா? பழைய கமலைக் கல்தூண் இரண்டு அப்படியே நிற்கிறது. மேலும் இதே மிதியில் சோளம் உடைக்கும் மெஷினையும் ஓட்ட முடியுமா?

வெல்டர்_வள்ளியூர்

சுவர்மேல் வேண்டாம். காரை விட்ட பழைய சுவர் ஆட்டத்தில் கல்லைக் கழற்றிவிடும். கல்தூண் மாட்டின் இழுவையையே தாங்கியது, அதற்கு இது பாரமே இல்லை. கல்லில் துளை போடாமல், இரண்டு பக்கமும் தகடு வைத்து 12 மி.மீ. கம்பியில் மரை போட்டுச் சுற்றி இறுக்குங்கள். மிதிக்கும் ஆள் கிணற்றுக்கு முகம் காட்டி, வாயிலிருந்து நாலடி தள்ளி உட்கார வேண்டும். அதற்கு ஒரு செயின் நீளம் பத்தாது, இரண்டைச் சேர்க்க வேண்டும். செயினுக்கும் கப்பிக்கும் முழு மூடி போடுங்கள். முந்தானையும் பிள்ளைகள் விரலும் போகிற உயரம் அது. கிணற்று வாயில் குழாய் இறங்கும் இடம் தவிர மிச்சத்துக்குக் கம்பி வலை.

லேத்து_பேட்டை

சோளத்துக்குத் தனி ஸ்டாண்டு செய்யுங்கள். உடைப்பதற்கு ஃப்ளைவீல் (வேகத்தைச் சேர்த்துவைக்கும் கனமான சக்கரம்) வேண்டும், அது வேகமான அச்சில் இருக்க வேண்டும். 28 அங்குல ரிம்மில் 10 கிலோ சிமெண்ட் கலவை நிரப்பி 60 சுற்றில் சுற்றினால் அதில் நிற்பது 18 ஜூல். ஒரு கால் ஒருமுறை அழுத்துவதில் பாதிகூட இல்லை. அதே சக்கரத்தை ரோட்ஸ்டர் கியரில் 147 சுற்றில் ஓட்டினால் 105 ஜூலுக்கு மேல். அப்போதுதான் கால் மேலும் கீழும் நேராக நிற்கும் அந்தச் செத்த இடத்தில் மெஷின் தயங்காமல் போகும். கயிற்றுப் பம்புக்கு இது தேவையில்லை.

மிதிக்கும் பக்கத்தில் ஒன்று சொல்ல விட்டுவிட்டது. பழைய பி.பி.-யைப் பிரித்து, பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல அளவுக் குண்டு புதிதாகப் போடுங்கள். கிராங்கை அச்சில் இறுக்கும் காட்டர் பின் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஏற வேண்டும். ஒரே பக்கமாக அடித்தால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே கனமான இரும்பைத் தாங்கு கொடுங்கள், இல்லாவிட்டால் அடி முழுவதும் குண்டுக்குப் போய் கப்பில் குழி விழும்.

திசையன்விளைக்காரன்

கடலோரமாக இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இதைச் செய்பவர்களுக்கு. ஆடிக் காற்றில் தேரி மணல் பறந்து எண்ணெய் போட்ட செயினில் அப்பினால் அரைக்கும் பசைபோல ஆகும். செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள். மணல் ஒட்டாது. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் கிளாம்பு போல்ட் எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். வெயில் படும் பி.வி.சி.-க்கு வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாறு வில்லையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் கண்ணாடிபோல மின்னினால் அடிக்கட்டை கோணி நிற்கிறது. கீழ் ஓரம் பூனை மீசைபோலப் பிசிறினால் குழாய் வாய் விரிந்தது போதவில்லை. சுற்றிலும் ஒரே சீராகக் குறைந்து மேலே நெடுக்குக் கீறல் இருந்தால் மணல் வருகிறது, கட்டையை இன்னும் ஓர் அடி தூக்குங்கள்.

நாங்குநேரித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. மாட்டி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

கமலைக்கிணறு

15 லிட்டர் வாளி, ஒரு கைக்கடிகாரம், ஒரு சாக்பீஸ், ஒரு சிவப்பு நூல். 60 சுற்றில் மிதித்து, தண்ணீர் சீராக விழத் தொடங்கியதும் வாளியை வையுங்கள். 27, 28 நொடியில் நிறைந்தால் நல்லது. கோடை மட்டத்துக்குச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு மட்டம் ஏறினாலும் இதே நேரம்தான் ஆகும், மிதி மட்டும் லேசாகும்.

40 நொடிக்கு மேல் ஆனால் இரண்டில் ஒரு கோளாறு. கயிற்றில் ஓர் இடத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள், கப்பியில் சாக்பீஸ் கோடு போடுங்கள். உங்கள் கயிறு மொத்தம் 20 மீட்டர் வரும், கப்பி ஒரு சுற்றுக்கு 1.04 மீட்டர் இழுக்கும். ஆக நூல் ஒருமுறை சுற்றிவரக் கப்பி 19 சுற்று சுற்ற வேண்டும். 23, 25 என்று எண்ணிக்கை வந்தால் கயிறு பள்ளத்தில் வழுக்குகிறது, அவிழ்த்து ஒரு சாண் குறைத்துக் கட்டுங்கள், பாசி இருந்தால் பள்ளத்தைத் தேங்காய் நாரால் தேயுங்கள். எண்ணிக்கை 19-ஆகவே இருந்து தண்ணீர் மட்டும் குறைவு என்றால் ஒழுகல், வில்லையையும் குழாய் மூட்டுகளையும் பாருங்கள். மூட்டில் ஒட்டுப்பசை உள்ளே வழிந்து காய்ந்திருந்தாலும் வில்லை அங்கே சீவப்பட்டு ஒரே வாரத்தில் மெலியும். அதனால் ஒட்டும்போது பசையைச் சாக்கெட்டில் பூசாமல் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் பூசிச் செருகுங்கள்.